ஆளுமை டெஸ்ட் எழுதியிருக்கீங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

குடமுருட்டி (பாபநாசம்):
எங்க கம்பெனியில எல்லாரையும் தஞ்சாவூருக்கு வரச்சொல்லி ஒருநாள் ட்ரெய்னிங். காலையிலேயே மையர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்ட்டுன்னு ஒரு கேள்வித்தாள் குடுத்தாங்க. கூட்டத்துல இருந்தா தெம்பு வருமா, களைப்பு வருமா, இந்த ரீதியில கேள்வி. ரெண்டுல ஒண்ணைத்தான் டிக் பண்ணணும். கல்யாணம்னா முதல் பந்தியிலேயே சாம்பார் வாளியைத் தூக்குற ஆளு நான். ஆபீஸ் மீட்டிங்னா வாயைத் திறக்க மாட்டேன். இதுல எதை டிக் பண்றது?

கடைசியில என் வகைன்னு ஐஎஸ்டிஜேன்னு நாலு எழுத்து வந்துச்சு. பொறுப்பானவர், சொன்ன சொல் தவறாதவர், மனசுல உள்ளதைச் சட்டுன்னு வெளியில காட்ட மாட்டார்னு நீளமா எழுதியிருந்தது. படிச்சப்ப புல்லரிச்சுப் போச்சு, உண்மையைச் சொல்றேன். வீட்டுல காட்டினேன். "இதுக்கு உங்க கம்பெனி காசு வேற குடுத்துச்சா? என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே"ன்னாங்க வீட்டுக்காரம்மா.

உங்களுக்கெல்லாம் எப்படி?

வெண்ணாறு (நீடாமங்கலம்):
அண்ணே, நான் சைக்காலஜி படிச்சவ, கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்குங்க.

இந்த டெஸ்ட்டை உருவாக்கினது கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ்னு ஒரு அம்மாவும் பொண்ணும். ரெண்டு பேருமே உளவியல் முறையா படிச்சவங்க இல்ல. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல எழுதின ஆளுமை வகைகள் பத்தின புத்தகத்தை வச்சு வளர்த்தெடுத்தாங்க. நாலு ஜோடி குணம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு எழுத்து, ஆக மொத்தம் 16 வகை.

உங்களுக்குப் புல்லரிச்ச விஷயத்துக்கு வர்றேன். 1948-ல பெர்ட்ராம் ஃபோரர்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் தன்னோட வகுப்புல 39 பேருக்கு டெஸ்ட் வச்சார். அவங்கவங்க ரிசல்ட்டுன்னு சொல்லி எல்லாருக்கும் ஒரே தாளைத்தான் குடுத்தார். அதுல இருந்த வரிகள் பெரும்பாலும் கடையில விக்கிற ஜோசியப் புத்தகத்துல இருந்து எடுத்தது. எவ்வளவு பொருந்துதுன்னு 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4-க்கு மேல! பொதுவா எழுதினதையே அவங்கவங்க தனக்குன்னு நினைச்சுக்கிட்டாங்க.

எங்க சித்தப்பா வைத்தீஸ்வரன்கோயில்ல நாடி பாக்கப் போனப்ப நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கட்டைவிரல் ரேகையை எடுத்துக்கிட்டு, ஓலைக்கட்டைப் பிரிச்சு ஒவ்வொண்ணா படிக்கிறாங்க. கூடப்பிறந்தவங்க மூணு பேரா? அப்பா தவறிட்டாரா? நாம ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லணும். இல்லன்னா அடுத்த ஓலை. நாம சொன்ன ஆமா எல்லாம் ஒண்ணு சேர்ந்து கடைசியில நம்ம ஓலையா வந்து நிக்குது. உங்க கேள்வித்தாளும் அந்த வேலையைத்தான் செய்யுது. கூட்டம்னா களைப்பான்னு கேக்குது, ஆமான்னு டிக் பண்றீங்க, சாயங்காலம் "நீங்க தனிமை விரும்பற ஆள்"னு பிரிண்ட் எடுத்துத் தருது.

ஆனா முழுப் புரட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். அது அளக்கற குணங்கள்ல விஷயம் இருக்கு. அது நடுவுல கோடு கிழிச்சு ஆளை ரெண்டு பக்கமா பிரிக்குது பாருங்க, அதுதான் வம்பு. நம்மள்ல நிறைய பேர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல நிக்கிறவங்க. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி எழுதினா எழுத்து மாறிடும். அதனாலதான் ஆராய்ச்சி பண்றவங்க அஞ்சு குணத்தை எடுத்துக்கிட்டு, ஒவ்வொண்ணும் எவ்வளவு கூட, எவ்வளவு குறைச்சல்னு மட்டும் அளக்கறாங்க. வகைப்பேர் வைக்கிறதில்ல.

அரசலாறு (கும்பகோணம் பக்கம்):
அம்மா சொல்றது சரியாத்தான் இருக்கும். எனக்கு அவ்வளவு படிப்பு கிடையாது. ஆனா எங்க வீட்டுல இது உபயோகப்பட்டுச்சு.

நானும் தம்பியும் சேர்ந்துதான் விவசாயம். மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறக்கறாங்கன்னு பேப்பர்ல வந்தாப் போதும், அவன் நாத்தங்காலுக்கு டிராக்டரைக் கூப்பிட்டுடுவான். நான், கல்லணையைத் தாண்டி நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வரட்டும்டாங்கிற ஆளு. வருஷா வருஷம் குறுவைக்கு இதே சண்டைதான். அவன் என்னைப் பயந்தாங்கொள்ளிம்பான், நான் அவனை அவசரக்குடுக்கைம்பேன். ஒரு தடவை பேச்சுவார்த்தையே நின்னுபோய், யூரியா வாங்கறதுக்குக்கூட பொண்டாட்டிங்க வழியாத்தான் தகவல் போச்சு.

மக காலேஜ் லீவுல வந்தப்ப போன்லயே ஒரு இலவச டெஸ்ட்டை எங்க ரெண்டு பேரையும் எழுத வச்சா. அவனுக்கு ஜே, எனக்கு பி. முன்கூட்டியே முடிவு பண்ணிட்டாத்தான் அவனுக்கு நிம்மதியாம், கடைசி வரைக்கும் பாத்துட்டு முடிவெடுத்தாத்தான் எனக்கு நிம்மதியாம். டெஸ்ட்டு சரியோ தப்போ, பயந்தாங்கொள்ளிங்கிற பேச்சு அன்னியோட போச்சு. இப்ப பம்புசெட் இருக்கற கொல்லையில அவன் இஷ்டத்துக்கு முன்னாடியே நாத்து விடுறான். ஆத்துத்தண்ணியை நம்பின வயலுக்கு நான் சொல்றப்பத்தான். சண்டை நிக்கலைங்க, விதைநெல் எதுங்கறதுல மாறிப்போச்சு.

கோரையாறு (மன்னார்குடி):
எனக்குக் கசப்பான அனுபவம். விதை, மருந்து விக்கிற ஒரு கம்பெனியில சேல்ஸ் வேலைக்குப் போனேன். நேர்காணல் நல்லாத்தான் போச்சு. அப்புறம் இந்த டெஸ்ட். ரெண்டு நாள்ல, "நீங்க இன்ட்ரோவெர்ட், அதாவது தனிமை விரும்பற ஆள், ஃபீல்டு வேலைக்கு ஒத்துவராது"ன்னு போன். இந்த டெஸ்ட்டை வெளியிடற கம்பெனியே ஆள் எடுக்கறதுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்லுதுன்னு பின்னாடிதான் படிச்சேன். அடுத்த கம்பெனியிலயும் டெஸ்ட் வச்சாங்க. கூட்டம்னா உயிர், புது ஆளைப் பாத்தா பேசாம இருக்க முடியாதுன்னு எல்லாத்தையும் அந்தப் பக்கமே டிக் பண்ணினேன். வேலை கிடைச்சிடுச்சு.

குடமுருட்டி:
அடப்பாவி! டார்கெட்டெல்லாம் முடியுதா தம்பி?

கோரையாறு:
முடியுது சார். கடைக்காரங்ககிட்ட நான் அதிகம் பேசறதில்ல, அவங்க பேசறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். போன வருஷம் வராத பாக்கி, மருமகன் தகராறு, எல்லாம் சொல்லி முடிச்சுட்டு அவங்களே ஆர்டர் நோட்டை எடுன்னுடறாங்க.