மறுமொழி: ஹாட்ஸ்பாட் பொட்டிக்கு என்ன பேரு வைக்கலாம்?

வணக்கம்,

ஹாட்ஸ்பாட் பொட்டிக்கு தமிழ்ல பேரு தேடுறோம்ல, அதுக்கு பகிரலைன்னு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கே அப்புறம் எதுக்கு புதுசுன்னு ஐயா கேட்டிருந்தாரு. வாட்ஸப்ல வைஃபைக்கு அருகலை, ப்ளூடூத்துக்கு ஊடலை, சிம் கார்டுக்கு செறிவட்டைன்னு ஒரு லிஸ்ட் சுத்துச்சே, அதுல ஹாட்ஸ்பாட்டுக்கு பகிரலைதான், நல்ல சொல்லு. ஆனா அது போன் நெட்டை லேப்டாப்புக்கும் பகிர போன்லயே ஆன் பண்ற வசதிக்குத்தான் பொருந்துது. தனி சிம் போட்டு பாக்கெட்ல வச்சுக்கிற பொட்டிக்கும் அதையே வச்சா, "பகிரலை வாங்கிருக்கேன்"னு நான் சொன்னதுக்கு தம்பி கேட்டான் பாருங்க, "அதான் போன்லயே சும்மா வருதே, அதுக்கு எதுக்குடா காசு"ன்னு, அந்தக் கதைதான் ஆகும்.

ரெண்டும் வேற வேறங்க. ஊருல உக்காந்து வேலை பாத்தப்போ போன்லதான் நெட் ஓடுச்சு, ரெண்டாவது சிம்முக்கு யாராவது கூப்பிட்டா முத சிம்மோட டேட்டா நின்னுரும், மீட்டிங்ல நான் வாயத் தொறந்தபடி உறைஞ்சு நிப்பேன், சாயங்காலத்துக்குள்ள போன் தோசக்கல்லு மாதிரி சுடும். அப்புறம்தான் அந்தப் பொட்டிய வாங்கி, சிக்னல் வர்ற ஒரே ஜன்னல் கம்பில மஞ்சப்பையில போட்டுத் தொங்கவிட்டேன். போன் என் கையோட மாடிக்கு வந்துரும், நெட் ஜன்னல்லயே இருக்கும். (28 நாளைக்கு ஒருக்கா இன்னொரு சிம்முக்கும் ரீசார்ஜ் பண்ணணும், அது தண்டம்தான். எப்பவாவது வெளிய லேப்டாப் தொறக்குறவங்களுக்கு போனே போதும்.)

சரி, சொல்லுக்கு வருவோம். டாங்கிள்ங்கிறது யுஎஸ்பில சொருகுற குச்சி, அது ஆகாது. மைஃபைங்கிறது இந்த மாதிரி பொட்டிக்கு 2009ல நோவாடெல் கம்பெனி விட்ட பிராண்டு பேரு. எங்க ஊர் கடையில எந்தக் கம்பெனி பொட்டின்னாலும் ஜியோ பொட்டியோட பேரச் சொல்லி ஜியோஃபைன்னுதான் கேக்குறாங்க, ஜெராக்ஸ் கதைதான். "பகிர்வி"ன்னு ஒருத்தர் சொன்னாரு, அத ஷேர் பட்டன்னு நெனச்சுருவாங்க.

என் ஓட்டு அலைச்சிமிழ். அலைபேசி, அலைக்கற்றைன்னு அலை ஏற்கெனவே பழகிருச்சு, சிமிழ்னா கைக்குள்ள அடங்குற சின்ன டப்பான்னு குங்குமம் வைக்கிற எல்லாருக்கும் தெரியும்.

கேபிள் போட்டு நெட் எடுக்குற டெதரிங்குக்கு "தும்பிணைப்பு"ன்னு வச்சா என்ன? தும்புன்னா மாடு கட்டுற கயிறு. இங்கிலீஷ்லயும் அது மாட்டைக் கட்டுற சொல்லுதானே.

---

தம்பி,

தும்பிணைப்பு பிரமாதம். கேபிளைப் புடுங்கிட்டு நெட் வரலன்னு தேடுறவனுக்கு தும்பை விட்டு வாலைப் பிடிச்ச கதைன்னு சொல்லிக்கலாம். ஆனா அலைச்சிமிழ் கொஞ்சம் கவிதை மாதிரி இருக்கே, கடைக்காரன் சொல்லுவானா? அதோட சிமிழ்னா மூடி இருக்கணும்ல?

---

மூடி இருக்கு ஐயா, அதத் தொறந்துதான் சிம்மே போடணும். நாள் பூரா சார்ஜ்லயே போட்டு வச்சதுல போன மாசம் பேட்டரி உப்பி அந்த மூடி தானாவே தொறந்துகிச்சு, புது பேட்டரி மாத்தியிருக்கேன். வாங்கப் போனப்ப கடைக்காரர்ட்ட அலைச்சிமிழுக்குன்னு கேட்டுப் பாத்தேன், "பேன்சி ஸ்டோர் எதுத்தாப்புல"ன்னாரு.