525 மடங்கை நம்பி வாங்கிய என் முதல் தொலைநோக்கி

என் முதல் தொலைநோக்கியின் பெட்டியில் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்; வில்லையின் விட்டம் 60 மி.மீ. என்பது ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நான் கொட்டை எழுத்தைப் படித்துவிட்டு வாங்கினேன்.

அந்த 525 எப்படி வந்தது என்று பின்னர்தான் கணக்கிட்டுப் பார்த்தேன். குழலின் குவியத் தூரமான 700 மி.மீ.யை, உடன் தந்த 4 மி.மீ. கண்ணருகு வில்லையால் வகுத்தால் 175. அதன்மேல் மும்மடங்கு பார்லோ வில்லையை, அதாவது உருப்பெருக்கத்தைக் கூட்ட இடையில் செருகும் வில்லையை, சேர்த்தால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் விட்டத்தின் மில்லிமீட்டர் அளவை இரண்டால் பெருக்கினால் கிடைப்பதே ஏறக்குறைய பயன்தரும் உச்ச உருப்பெருக்கம் என்பதால், 60 மி.மீ. கருவியில் 120 மடங்கைத் தாண்டியபின் உருவம் பெரிதாகி மங்குமே தவிர, புதிதாக ஒன்றும் தெரியாது.

வில்லையைவிட முக்காலிதான் என்னை அதிகம் படுத்தியது. குவியத் திருகில் விரல் பட்டவுடன் சனிக்கோள் கூத்தாடும். ஆட்டம் அடங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால், அதற்குள் புவியின் சுழற்சி அதைப் பார்வைப் புலத்துக்கு வெளியே கொண்டுபோய்விடும். 525 மடங்கில் அது இருபது வினாடிகூடத் தங்காது. ஒருநாள் அலுத்துப்போய் பார்லோவைக் கழற்றிவிட்டு 20 மி.மீ. கண்ணருகு வில்லையை மாட்டினேன், வெறும் 35 மடங்கில், சிறியதாக, ஆனால் கூர்மையாக, வளையம் தெரிந்தது. 1610-இல் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டதும் ஏறக்குறைய 20 மடங்குக் கருவியில்தானே!

இப்போது வைத்திருப்பது 150 மி.மீ. ஆடி கொண்ட டாப்சோனியன், அதாவது முக்காலிக்குப் பதில் எளிய பலகைத் தாங்கியில் அமரும் ஆடித் தொலைநோக்கி. விட்டம் இரண்டரை மடங்கு என்றாலும், ஒளி சேர்வது பரப்பைப் பொறுத்தது என்பதால் ஆறேகால் மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது. பழைய கருவியில் பஞ்சுத் துணுக்காகத் தெரிந்த எம்13 விண்மீன் கொத்து, இருண்ட வானில் இதில் ஓரங்களில் தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்தது. குழல் தரையோடு ஒட்டிய பலகைப் பெட்டியில் உட்கார்ந்திருப்பதால் ஆட்டமும் இல்லை. ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும், அவ்வப்போது ஆடிகளை நேர்ப்படுத்த வேண்டும் என்பவை பழகிவிடும் வேலைகள், எடைதான் பழகவில்லை. மாடிக்குத் தூக்கிச் செல்பவர்கள் வாங்குவதற்கு முன் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய 60 மி.மீ. கருவியை நான் தூக்கி எறியவில்லை. 20 மி.மீ. வில்லையோடு நிலவைப் பார்க்க இன்றும் எடுக்கிறேன். பார்லோ மட்டும் பெட்டியிலேயே இருக்கிறது.