புதுப்பிப்பு: உடற்பயிற்சிக் கூடத்தின் சிறந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதம்

ஆயுத பூசையன்று எங்கள் பகுதி உடற்பயிற்சிக் கூடத்தின் சிறந்த உறுப்பினர்களைப் பாராட்ட, பளு தூக்கும் இளைஞர்களுக்கே பரிசு போகாத வழி கேட்டிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, ‘அவரவர் பழைய அளவோடு ஒப்பிடுங்கள்’ என்ற யோசனைதான். மூத்தவர்களுக்கு 30 விநாடி நாற்காலிச் சோதனையைத் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்தோம்: கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறார்கள் என்று எண்ண வேண்டும். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். மற்றவர்களுக்கு வருகைப் பதிவேடு. உலக சுகாதார அமைப்பு சொல்லும் வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பே அளவு. எடைக் குறைப்புக்குப் பரிசு என்பதை ஒதுக்கிவிட்டோம். பட்டினி கிடந்து வாங்கும் பரிசு எதற்கு?

எதிர்பாராதது ஒன்று: முதலிடம் பெற்ற பாட்டி மேடையேற மறுத்துவிட்டார். அறிவிப்பதற்கு முன் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள்.