இந்தோனேசியா பசங்க ரோட்டோரமா ஒக்காந்து என்னதான் பண்றாங்க?

லயத்துப்பய (கொட்டகலை):
கொஞ்ச நாளா டிக்டொக் தொறந்தாலே இந்தோனேசியா வீடியோதான் வருது. 2025ல படகு முனையில கறுப்புக் கண்ணாடி போட்டு ஆடுன சின்னப்பயல ரெண்டு தடவ பாத்தேன், அதுலருந்து விடமாட்டேங்குது. நான் கேக்குறது வேற. ராத்திரியில ரோட்டோரம் பாய விரிச்சி பத்து பேர் ஒக்காந்திருக்கான், ஆளுக்கொரு கிளாஸ், நடுவுல ஒரு கிட்டார், கீழ 'நொங்க்ரொங்'னு போட்டிருக்கான். அப்பிடின்னா என்ன, பார்ட்டியா?

கத்தார்_ரிட்டன்:
பார்ட்டியெல்லாம் இல்ல தம்பி, சும்மா ஒக்காந்து கதைக்கிறதுதான் நொங்க்ரொங். என்கூட ரூம்ல ஒரு ஜாவாக்காரன் இருந்தான், லீவு நாள்ல ஊருக்கு கோல் எடுத்தாலே கூட்டாளிங்க எல்லாம் அங்கதான் ஒக்காந்திருப்பானுங்க. அவன் யோக்யகர்த்தா பக்கம், அங்க 'அங்க்ரிங்கன்'னு தள்ளுவண்டிக் கடைங்க இருக்கு, ஒரு கைப்பிடி சோத்த கொஞ்சம் சம்பலோட எலையில மடிச்சி வச்சிருப்பாங்க, பேரு 'நாசி குசிங்', பூனைச்சோறுன்னு அர்த்தமாம். ஆமா, அவங்களும் சம்பல்னுதான் சொல்றாங்க. அதவிட ஒண்ணு காட்டுனான் பாருங்க, கோப்பி கிளாஸுக்குள்ள நெருப்புக் கரித்துண்ட அப்பிடியே போடுறான், சுர்ர்ருனு பொங்குது, அத குடிக்கிறாங்க! 'கோப்பி ஜொஸ்'ஸாம்.
நீ பாத்த அந்தப் படகு ரியாவ் மாகாணத்து 'பச்சு ஜாலுர்'ங்கிற படகுப் போட்டியில ஓடுறது, ஒரே மரத்துல செஞ்சது.

மலைநாட்டு_மலர்:
அண்ணே, கடையில ஒக்கார காசு இல்லாத புள்ளைங்க கதையும் இருக்கு. 2022 ஜூலையில சித்தாயம், டெப்போக் பக்கத்துலருந்து ரயிலேறி ஜக்கார்த்தா நடுவுக்கு வந்து, மலிவு உடுப்ப மாத்தி மாத்திப் போட்டு ரோடு கடக்குற கோட்டுல கேட்வோக் போனாங்க. 'சித்தாயம் ஃபேஷன் வீக்'னு பேராகி பெரிய ஆளுங்களும் வந்து நடந்தாங்க, ஒரு நடிகரோட கம்பனி அந்தப் பேரையே பதிவு பண்ணப்பாத்து நல்லா திட்டு வாங்கி வாபஸ் வாங்குச்சு. அப்புறம் டிராஃபிக்னு சொல்லி வெரட்டிட்டாங்க. எனக்கு அந்தப் பொம்பளப்புள்ளைங்கள பாத்துதான் பொறாமை. ஹட்டன் பஸ் ஸ்டாண்ட்ல நானும் கூட்டாளியும் அஞ்சு நிமிசம் நின்னா, நாங்க பஸ் ஏறுறதுக்கு முந்தி நியூஸ் தோட்டத்துக்குப் போயிருது.

சும்மா_ஒருத்தன்:
எல்லாம் கிட்டார், கோப்பின்னு நெனைக்காதீங்க. 2025 பெப்ரவரியில அங்க ஓடுன ஹேஷ்டேக் 'கபுர் அஜா துலு', மொதல்ல ஓடிப்போயிருன்னு அர்த்தம். வேல இல்ல, சம்பளம் பத்தல, வெளிநாடு போயிரலாம்னு படிச்ச பசங்களே போட்டாங்க. எங்க லயத்துல என் வயசுல இப்ப மூணு பேர்தான் இருக்கோம், மத்தவன்லாம் கொழும்பு கடையில, இல்லாட்டி டுபாய்ல. ஹேஷ்டேக் மட்டுந்தான் போடல.

லயத்துப்பய:
நன்றி அண்ணே, அக்கா. நேத்து அடுப்புலருந்து ஒரு கரித்துண்டு எடுத்து பிளேன்டீயில போட்டுப் பாத்தேன். கிளாஸ் ரெண்டா போயிருச்சு, அம்மா இன்னும் ஏசிக்கிட்டு இருக்கு.