காபித் தோட்டத்தில் குச்சி அடித்து 6 நாள், கருவிழியில் வெள்ளைப் புள்ளி: சுரண்டிப் பார்த்தே ஆகணுமா?

நாகலூரான் (கேள்வி)

வணக்கம்ங்க. ஏற்காடு நாகலூர்ப் பக்கம் நாங்க. சித்தப்பாவுக்கு வயசு 52, சக்கரை இருக்கு, மாத்திரை எடுக்கறார். காபிச் செடி கவாத்து பண்ணும்போது வலது கண்ணுல குச்சி அடிச்சிருச்சு, இன்னையோட 6 நாள் ஆச்சு. மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க. போட்டதும் ரெண்டு நாள் சிவப்பு நல்லாக் குறைஞ்சுது. நாலாம் நாள்ல இருந்து மறுபடி கூச்சம், தண்ணி வடியுது, கருவிழியில அரிசி நுனி அளவுக்கு வெள்ளையாத் தெரியுது. பாட்டில்ல குளோராம்பெனிக்கால், டெக்ஸாமெத்தசோன்னு ரெண்டு பேர் போட்டிருக்கு.

இன்னைக்கு சேலத்துல காட்டினோம். புண்ணைச் சுரண்டி எடுத்துப் பரிசோதிக்கணும்கறாங்க. வீட்டுல எல்லாரும் பயப்படறாங்க. புண்ணையே சுரண்டினா இன்னும் பெருசாகாதா? இதைவிடப் பவரான சொட்டு மருந்தா எழுதி வாங்கிப் போட்டா ஆகாதா? பாட்டி இதைக் "கண்ணுல பூ விழுந்திருச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லுது. அது சரிதானா?

கருவிழி மருத்துவர், சேலம்

தம்பி, சுரண்டிப் பார்க்கச் சொன்னது சரியான முடிவு. இன்றைக்கே செய்துவிடுங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம். பாட்டி சொல்லும் "பூ" என்பது புண் ஆறிய பிறகு நிற்கும் தழும்பு. சித்தப்பாவுக்கு இப்போது இருப்பது உயிரோடு வளரும் புண். இதற்கு மருத்துவம் உண்டு, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பார்வை மிஞ்சும்.

"பவரான சொட்டு" ஏன் ஆகாது என்று சொல்கிறேன். கருவிழிப் புண்ணைப் பாக்டீரியாவும் உண்டாக்கும், பூஞ்சையும் உண்டாக்கும், ஹெர்பிஸ் வைரஸும் உண்டாக்கும். அரிதாக அகாந்தமீபா என்ற ஒரு செல் உயிரியும் காரணமாகும். நான்குக்கும் மருந்து வேறு வேறு. பாக்டீரியாவுக்கான எத்தனை பவர் மருந்தும் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. தென்னிந்தியாவில் நாம் பார்க்கும் தொற்றுப் புண்களில் பாதிக்குப் பக்கம் பூஞ்சைதான். இலை, குச்சி, நெல் சுணை, கரும்புச் சோகை அடித்து வந்த புண் என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் கூடும். ஃபுசேரியம், அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைகள் இரண்டும் மண்ணிலும் மட்கிய இலையிலும் வாழ்பவை. குச்சி கருவிழியின் மேல்தோலைக் கீறியபோதே வித்து உள்ளே போயிருக்கும்.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தாலே ஓரளவு ஊகிக்கலாம். பூஞ்சைப் புண் வறண்டு, சாம்பல் வெள்ளையாக, ஓரம் கோழி இறகு மாதிரி பிசிறடித்து இருக்கும். பெரிய புண்ணைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகத் தனிப் புள்ளிகள் தெரியலாம். புண்ணின் அளவுக்கு வலி குறைவாக இருப்பதும் உண்டு. அதனால்தான் பலர் தாமதமாக வருகிறார்கள். பாக்டீரியாப் புண் ஈரமாக, மஞ்சள் கலந்து, பீளையோடு வேகமாகப் பரவும். ஹெர்பிஸ் என்றால் மரக்கிளை மாதிரிக் கோடு. ஆனால் டெக்ஸாமெத்தசோன் போட்ட கண்ணில் இந்த அடையாளங்கள் எல்லாம் கலைந்துபோகும். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பி மருந்து எழுத முடியாத நிலை அது.

சுரண்டும் முறை இதுதான். முதலில் இரண்டு கண்ணின் பார்வையையும் எழுத்துப் பலகையில் அளந்து குறிப்பார்கள். ஃப்ளோரசின் என்ற சாயம் தோய்ந்த தாளை ஈரமாக்கிக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் பார்த்தால் மேல்தோல் போன இடம் பச்சையாக ஒளிரும். அதன் நீள அகலத்தை மில்லிமீட்டரில் எழுதி வைப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த முறை போகும்போது ஆறுகிறதா வளர்கிறதா என்று அந்த எண்தான் சொல்லும். கண்ணின் மூக்கோர மூலையை அழுத்தி, கண்ணீர்ப்பையிலிருந்து சீழ் எதிர்த்து வருகிறதா என்றும் பார்ப்பார்கள். அங்கே சீழ் தேங்கியிருந்தால் மேலே எந்த மருந்து போட்டாலும் புண் ஆறாது. மேல் இமையைப் புரட்டி, குச்சித் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று தேடுவதும் கட்டாயம்.

பிறகு 0.5% புரோபராகெயின் சொட்டு. ஒரு நிமிடத்துக்குள் கண் மரத்துப்போகும், வலி இருக்காது. சிறு கரண்டி அல்லது 15-ம் எண் கத்தியால் புண்ணின் ஓரத்திலிருந்தும் அடியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து இரண்டு கண்ணாடித் தகடுகளில் தடவுவார்கள். ஒன்றில் 10% பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு விட்டால் திசு கரைந்து பூஞ்சை இழை மட்டும் நூல் மாதிரித் தெரியும். இன்னொன்று பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயத்துக்கு. இரண்டுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லிவிடலாம். மீதியை வளர்ப்புத் தட்டில் கீறி வைப்பார்கள். பாக்டீரியா ஒன்றிரண்டு நாளில் முளைக்கும், பூஞ்சைக்கு ஒரு வாரமும் ஆகலாம். நல்ல பாகத்தைத் தொடுவதில்லை, செத்த திசுவைத்தான் எடுக்கிறோம். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: பூஞ்சைக்கான நாட்டமைசின் கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவாத மருந்து, மேலே மூடிய கழிவை எடுத்தால்தான் அடிவரை எட்டும். கருவிழி ஏற்கெனவே மெலிந்து ஓட்டை விழும் நிலையில் இருந்தால் மட்டும் சுரண்டுவதற்கு மிகவும் யோசிப்போம். அப்படி இல்லாமல்தான் உங்களிடம் சுரண்டச் சொல்லியிருப்பார்கள்.

பூஞ்சை என்று வந்தால் முதல் மருந்து நாட்டமைசின் 5%. தென்னிந்தியாவில் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரிடம் நாட்டமைசினையும் வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியானது. நாட்டமைசின் போட்டவர்களின் பார்வை நன்றாக இருந்தது, ஓட்டை விழுவதும் குறைவு. குறிப்பாக ஃபுசேரியத்தில் வித்தியாசம் பெரிது. ஆகவே விலை கூடிய மருந்து கேட்டு அலைய வேண்டாம். அந்த ஆய்வில் கொடுத்த அளவு, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு சொட்டு என்று முதல் வாரம், பிறகு 2 மணிக்கு ஒரு சொட்டு என்று 3 வாரம் முடியும்வரை. புண்ணைப் பார்த்து உங்கள் மருத்துவர் கூட்டிக் குறைப்பார். கூடவே ஹோமட்ரோபின் அல்லது அட்ரோபின் சொட்டு இருக்கும். கண்ணுக்குள் இழுத்துப் பிடிக்கும் தசையைத் தளர்த்தி வலியைக் குறைக்க அது. பாக்டீரியா என்றால் மாக்ஸிஃப்ளாக்ஸசின் 0.5% மணிக்கொரு முறை, அல்லது செறிவூட்டித் தயாரித்த செஃபசோலின், டோப்ராமைசின்.

சக்கரையை இன்றே அளந்து பாருங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சக்கரையில் மேல்தோல் மூடுவது மிகவும் மெதுவாகும்.

மருந்தாளுநர், ஆத்தூர்

டாக்டர் சொன்னதோட அந்தப் பாட்டிலைப் பத்தி மட்டும் சேர்க்கறேன். இன்னைக்கே அதை நிறுத்துங்க, ஆனா தூக்கிப் போட்டுறாதீங்க. எத்தனை நாள், எத்தனை வேளை போட்டீங்கன்னு எழுதி, பாட்டிலோட டாக்டர்கிட்டக் காட்டுங்க.

டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. கிருமியோட சண்டை போடற நம்ம உடம்போட படையை அது அடக்கிரும். சிவப்பும் வீக்கமும் அந்தச் சண்டையால வர்றதுதான், அதனால ரெண்டு நாள்ல கண் வெளுத்துரும். அடியில பூஞ்சை தடையில்லாம வளரும். சித்தப்பாவுக்கு நடந்தது இதுவாத்தான் இருக்கணும். எந்தச் சொட்டு மருந்து வாங்கினாலும் லேபிள்ல டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், லோட்டிப்ரெட்னால், ஃப்ளூரோமெத்தலோன்னு ஏதாவது இருக்கான்னு படிங்க. இருந்தா, ஸ்லிட் லேம்புல பார்த்த டாக்டர் சீட்டு இல்லாம போடக்கூடாது. கேக்கறவங்களுக்கு எடுத்துக் குடுக்கற கடைக்காரங்களும் இதை நிறுத்தியே ஆகணும், இதுல எனக்கு ரெண்டு கருத்து இல்லை. கண்ணு போற விஷயம்.

நாட்டமைசின் எழுதினா ரெண்டு பாட்டில் வாங்கிட்டே மலை ஏறுங்க. 5 மில்லில சுமார் 100 சொட்டுதான் வரும். மணிக்கொரு சொட்டுன்னா ஒரு நாளைக்கு 16 ஆகுது, சிந்தறதோட பார்த்தா ஒரு வாரம் தாங்காது. எல்லாக் கடையிலயும் இருப்பும் இருக்காது. அது கலங்கல் மருந்து, மருந்து அடியில படிஞ்சிரும். ஒவ்வொரு தடவையும் நல்லாக் குலுக்கணும். குலுக்காமப் போட்டா முதல்ல வெறும் தண்ணியும், கடைசியில கெட்டி மாவுமாத்தான் கண்ணுக்குள்ள போகும்.

போடற விதம்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையைப் பை மாதிரி இழுத்து, ஒரே ஒரு சொட்டு. ரெண்டாவது சொட்டுக்குக் கண்ணுல இடமே இல்லை, கன்னத்துல வழிஞ்சிரும். மூக்கோர மூலையை ஒரு ரெண்டு நிமிஷம் விரலால அழுத்திக் கண்ணை மூடி வெச்சா மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு 5 நிமிஷ இடைவெளி, களிம்பு இருந்தா கடைசியா. பாட்டில் நுனி இமையில படக்கூடாது. நல்ல கண்ணுக்கு இதே பாட்டிலைப் போடவே கூடாது.

ஆப்டோமெட்ரிஸ்ட், செவ்வாப்பேட்டை

தோட்டத்துல மத்தவங்களும் படிப்பாங்கன்னு, அடிபட்ட முதல் நாள் என்ன செய்யணும்கறதை எழுதறேன். இந்தப் புண்ணை வரவிடாமலே தடுக்க முடியும்.

நேபாளத்துல பக்தபூர்ல செஞ்ச ஆய்வு 2001-ல வந்துது. கருவிழியில கீறல் விழுந்தவங்களுக்குக் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களே 1% குளோராம்பெனிக்கால் களிம்பை நாளுக்கு 3 வேளை, 3 நாள் போட்டாங்க. அடிபட்டு 18 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சவங்க யாருக்கும் புண் வரலை. ஸ்டீராய்டு கலக்காத தனிக் களிம்பு அது. கீறல் இருக்கான்னு ஃப்ளோரசின் தாளும் நீல டார்ச்சும் இருந்தாலே பார்த்துரலாம், பெரிய இயந்திரம் வேண்டாம். அடிபட்ட அன்னைக்கே ஏற்காடு அரசு மருத்துவமனையில காட்டிருங்க. 24 மணி நேரத்துல உறுத்தல் குறையலைன்னாலோ, வெள்ளையா ஒரு புள்ளி தெரிஞ்சாலோ அதோட காத்திருக்கக் கூடாது, 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கிக் கண் மருத்துவர்கிட்ட வந்தே ஆகணும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலயும் கண் பிரிவு இருக்கு.

செய்யக் கூடாதது: கண்ணைத் தேய்க்கறது, தாய்ப்பால் விடறது, விளக்கெண்ணெய், இலைச்சாறு, நாக்கால துழாவித் தூசி எடுக்கறது. வாயில இருக்கற கிருமி நேராக் கீறலுக்குள்ள போயிரும். குச்சி அடிச்ச கண்ணைத் துணி வெச்சு இறுக்கிக் கட்டறதும் தப்பு, உள்ளே சூடும் ஈரமும் கூடிக் கிருமிக்கு வசதியாயிரும்.

சுண்ணாம்பு தெறிச்சா மட்டும் கதையே வேற. அங்க டாக்டரைத் தேடறதுக்கு முன்னாடி தண்ணிதான் மருந்து. அந்த இடத்துலயே அரை மணி நேரம் விடாமக் கழுவி, இமைக்குள்ள ஒட்டின கட்டியை எடுத்துட்டு அப்புறம் கிளம்பணும்.

கவாத்துக்கும் சில்வர் ஓக் மரத்துல மிளகு பறிக்கறதுக்கும் பக்கவாட்டு மறைப்பு இருக்கற கண்ணாடி போடுங்க. மூடுபனியில மங்கிருதுன்னு கழட்டிடறாங்க. ஓரத்துல காத்துத் துளை இருக்கறதா வாங்கினா அவ்வளவு மங்காது.

நாகலூரான்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். சாயங்காலமே சுரண்டி எடுத்துட்டாங்க, வலிக்கலைன்னு சித்தப்பாவே சொன்னார். பூஞ்சைதான்னு வந்திருக்கு. புண் 3.5 × 3 மில்லிமீட்டர்னு எழுதியிருக்காங்க. நாட்டமைசின் மணிக்கொருக்கா, ஹோமட்ரோபின் 3 வேளை. சக்கரை 260 இருந்துது, மாத்திரையை மாத்திட்டாங்க. ஆனா மருந்து போட்டதும் கண்ணு முன்னவிட மங்கலா இருக்குங்கறார், வெள்ளையா மாவு மாதிரி ஒட்டியிருக்கு. பயப்படணுமா? மூணாம் நாள் வரச் சொல்லியிருக்காங்க, அதுக்குள்ள எதைப் பார்த்தா உடனே இறங்கணும்?

கருவிழி மருத்துவர், சேலம்

மாவு மாதிரி ஒட்டுவது நாட்டமைசின்தான், புண் வளர்கிறது என்று பயப்பட வேண்டாம். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் இமை ஓரத்தை மட்டும் துடையுங்கள், கருவிழி மேல் தொடாதீர்கள். மங்கலுக்கு அந்தப் படிவும் ஒரு காரணம், ஹோமட்ரோபின் இன்னொன்று. கண்பாப்பா விரிந்திருப்பதால் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. நிறுத்தியபின் ஒன்று முதல் மூன்று நாளில் தெளியும். வெளியே போகும்போது கருப்புக் கண்ணாடி போடச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாளில் புண் சிறிதாகியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பூஞ்சை மெதுவாகத்தான் பணியும். பிசிறடித்த ஓரம் மழுங்கி உருண்டு வருவதும், வலி குறைவதும்தான் முதல் நல்ல அறிகுறி. மேல்தோல் மூடிவிட்டது என்று மருந்தை நீங்களே நிறுத்திவிட வேண்டாம், அடியில் பூஞ்சை மிச்சமிருந்தால் திரும்பக் கிளம்பும். ஆறியபின் நடுவில் தழும்பு நின்று பார்வையை மறைத்தால், சில மாதம் கழித்துக் கண்ணாடியோ, தனி வகைக் கான்டாக்ட் லென்ஸோ, தேவைப்பட்டால் கருவிழி மாற்று அறுவையோ யோசிக்கலாம். இப்போது அதைப் பேச நேரமில்லை.

உடனே இறங்க வேண்டியவை: வலி திடீரென்று கூடுவது, விரலை எண்ண முடிந்தவருக்கு வெளிச்சம் மட்டும் தெரிவது, கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளையாகச் சீழ் மட்டம் கட்டுவது அல்லது ஏற்கெனவே இருந்தது உயர்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணிலிருந்து வெதுவெதுப்பான நீர் சட்டென்று கொட்டி அதோடு வலி குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள், கருவிழியில் ஓட்டை விழுந்திருக்கும். அப்போது களிம்பு வேண்டாம், கண்ணைக் கழுவ வேண்டாம், அழுத்த வேண்டாம். சுத்தமான பிளாஸ்டிக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் படாமல் எலும்பின்மேல் உட்காரும்படி வைத்து ஒட்டுங்கள். இருமலையும் முக்குவதையும் அடக்கச் சொல்லி, ராத்திரியானாலும் வண்டி பிடித்துக் கூட்டி வாருங்கள். சின்ன ஓட்டையை சயனோஅக்ரிலேட் பசை வைத்து, மேலே கான்டாக்ட் லென்ஸ் போட்டு அன்றைக்கே அடைத்துவிடலாம்.