இங்கிலாந்து: பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைக்கல, கவுன்சில்ல கேட்டா விசாவுக்குப் பிரச்சினையா?

புதுவரவு:
அவசரம், யாராவது சொல்லுங்க. ரெண்டு பிள்ளைங்களும் வீட்லயே இருக்காங்க. பக்கத்துப் பள்ளியில "இடமில்லை, சிட்டி கவுன்சில்ல கேளுங்க"ன்னு வாய்வார்த்தையா சொல்லி அனுப்பிட்டாங்க. விசாவுல "பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாது"ன்னு இருக்கு, அதாவது குறிப்பிட்ட சில அரசு உதவிகளை வாங்கக் கூடாது. கவுன்சில்ல எதையாவது கேட்டா நாளைக்கு விசா நீட்டிப்புல இடிக்குமா? சின்னவன் இன்னும் சரியாப் பேசல, அது வேற கவலை.

கணக்குப்பிள்ளை:
முதல்ல கவுன்சில் டாக்ஸை (வீட்டுக்குக் கவுன்சில் போடுற வரி) பாருங்க. வழக்கமா 10 தவணை. கேட்டா 12 ஆக்கித் தருவாங்க. வீட்ல பெரியவங்க ஒருத்தர்தான்னா 25% தள்ளுபடி, அது பப்ளிக் ஃபண்ட்ஸ்ல வராது. மத்தபடி விசா முடியுற வரைக்கும் கவுன்சில் பக்கமே தலை வைக்காதீங்க.

மாடிவீடு:
டாக்ஸை யாருங்க கேட்டா? கடைசி வரி சுத்தத் தப்பு, அதை நம்பிப் பலபேர் பிள்ளைகளை வீட்லயே வச்சிருக்காங்க. தொடக்கூடாதது: யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைஞ்சவங்களுக்கான உதவித்தொகை), சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்கான உதவித்தொகை), வருமானம் பார்த்துத் தர்ற கவுன்சில் டாக்ஸ் குறைப்பு, கவுன்சில் வீடு. தாராளமாக் கேட்கலாம்னு இருக்கிறது: அரசுப் பள்ளி, 3 வயசுக்கு மேல வாரம் 15 மணி நேரம் இலவச நர்சரி, பள்ளிச் சாப்பாடு, சிறப்புத் தேவை உதவி, நூலகம், ஃபேமிலி ஹப் (குடும்பங்களுக்கான உதவி மையம்). 1989 சில்ட்ரன் ஆக்ட் 17ஆம் பிரிவுல பிள்ளைக்குத் தர்ற உதவிகூட பப்ளிக் ஃபண்ட்ஸ் கணக்குல வராது.
பிள்ளைங்க வயசு என்ன? அதைச் சொல்லாம எப்படிங்க பதில் சொல்றது?

தெற்குக்காற்று:
சின்னவன்கிட்ட தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, தானா சரியாயிடும்.

சாரல்:
வேண்டவே வேண்டாம். ரெண்டு மொழி கேட்கிறதால பேச்சு தாமதமாகாது. முதல்ல காது கேட்கிறதைப் பரிசோதிக்கணும். ஜிபியில (குடும்ப டாக்டர்) பதிஞ்சிருந்தா ஹெல்த் விசிட்டர்கிட்ட (சின்னப் பிள்ளைங்க வளர்ச்சியைப் பார்க்கிற நர்ஸ்) சொல்லுங்க, 5 வயசு வரைக்கும் அவங்க பொறுப்பு. ஸ்பீச் தெரபிக்குப் பல ஊர்ல பெற்றோரே நேரா விண்ணப்பிக்கலாம்.

தெற்குக்காற்று:
பள்ளி கிடைச்சாலும் நிம்மதி இல்லீங்க. ஊர்ல கல்யாணம்னு 5 நாள் லீவு எடுத்தா ஃபைன். ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண்ட். 21 நாளுக்குள்ள கட்டலைன்னா 160. அப்பாவுக்குத் தனி, அம்மாவுக்குத் தனி!

கணக்குப்பிள்ளை:
மூணு வருஷத்துல ரெண்டாவது தடவைன்னா எடுத்த எடுப்புல 160. மூணாவது தடவை ஃபைன் கிடையாது, கோர்ட்டு வரைக்கும் போகலாம். இதுக்கெல்லாம் ஆள் இருக்கு, ஃபோன் எடுக்க மட்டும் ஆள் இல்ல.

புதுவரவு:
மன்னிச்சுக்கோங்க, பதட்டத்துல விட்டுட்டேன். பெரியவளுக்கு 8, இயர் 4 வரணும். சின்னவனுக்குப் போன மே மாசம் 3 முடிஞ்சுது.

மாடிவீடு:
இதைத்தான் கேட்டேன்.

பெரியவளுக்கு: கவுன்சில் தளத்துல "இன்-இயர் அட்மிஷன்" (வருஷ நடுவுல சேர்க்கிறது) பக்கம் பாருங்க. சில ஊர்ல கவுன்சிலே விண்ணப்பம் வாங்கும், சில ஊர்ல பள்ளிக்கு நேரா அனுப்பணும். எந்தப் பள்ளியில இடம் காலியா இருக்குன்னு கேட்டாக் கவுன்சில் சொல்லியாகணும். வாய்வார்த்தையா "இடமில்லை"ன்னா அது மறுப்பே இல்ல. எழுத்துல விண்ணப்பிச்சா 15 பள்ளி நாளுக்குள்ள எழுத்துல பதில் வரணும். மறுத்தா அப்பீல் உரிமை வந்துடும். ரிசப்ஷன்ல (பள்ளியோட முதல் வகுப்பு, இயர் 1க்கு முந்தினது) இருந்து இயர் 2 வரைக்கும் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைங்கன்னு சட்டமே இருக்கு, அங்க அப்பீல் ஜெயிக்கிறது கஷ்டம். இயர் 4க்கு அந்தக் கட்டு கிடையாது, தைரியமாப் போடுங்க. வெயிட்டிங் லிஸ்ட் முந்தி வந்தவங்க கணக்கு இல்ல. தூரம், கூடப்பிறந்தவங்கன்னு பார்ப்பாங்க. நேத்து வந்தவங்க உங்களைத் தாண்டிப் போனா ஆச்சரியப்படாதீங்க. 4 வாரத்துக்கு மேல பள்ளியே இல்லாம, நியாயமான தூரத்துல எங்கயும் இடமில்லைன்னா "ஃபேர் அக்சஸ் புரோட்டோகால்"ல (இடம் கிடைக்காத பிள்ளைக்குக் கவுன்சில் பள்ளி தேடித் தர்ற ஏற்பாடு) சேர்க்கச் சொல்லி எழுதுங்க. கிடைக்கிற பள்ளி 3 மைலுக்கு அப்பால, அதைவிடக் கிட்டத்துல இடமும் இல்லைன்னா, போக்குவரத்து கவுன்சில் செலவு.

சின்னவனுக்கு: செப்டம்பர்லயே 15 மணி நேரம் ஆரம்பமாயிடுச்சு. வருஷத்துக்கு 570 மணி, பொதுவா 38 வாரம். சாப்பாட்டுக்கும் டயப்பருக்கும் காசு கேட்பாங்க. அதைக் கட்டினாத்தான் இடம்னு சொல்லக்கூடாது. வேலைக்குப் போற பெற்றோருக்குத் தர்ற 30 மணி நேரம் உங்களுக்கு இல்ல, ரெண்டு பேருக்கும் "நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்"னா அது வராது. முக்கியமா, அடுத்த செப்டம்பர் ரிசப்ஷனுக்கு ஜனவரி 15க்குள்ள விண்ணப்பம் போடணும். நர்சரியில இருக்கிற பிள்ளைக்கும் அதே பள்ளி ரிசப்ஷன் தானா கிடைக்காது. இந்தத் தேதியைத்தான் நம்மாளுங்க அதிகமா விடுறாங்க.

சாரல்:
நர்சரியில சேர்ந்ததும் சென்கோ (சிறப்புத் தேவைப் பிள்ளைங்களைக் கவனிக்கிற பொறுப்பாளர்) யாருன்னு கேளுங்க. அங்க தர்ற உதவி போதலைன்னா ஈஎச்சிபி (பிள்ளைக்கு என்ன சிறப்பு உதவி தரணும்னு எழுதுற சட்டபூர்வத் திட்டம்) மதிப்பீட்டை நீங்களே கவுன்சில்ல கேட்கலாம். செய்றதா வேண்டாமான்னு 6 வாரத்துல சொல்லணும், முழு வேலையும் 20 வாரம். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலயும் சென்டியாஸ்னு சிறப்புத் தேவைக்கான இலவச ஆலோசனை சேவை இருக்கு, மதிப்பீடு கேட்கிற கடிதத்தை அனுப்புறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட காட்டுங்க.

புதுவரவு:
15 நாள் தாண்டியும் பதில் வரலைன்னா?

மாடிவீடு:
பள்ளி நாள் கணக்கு, விடுமுறையைக் கழிச்சுக்கோங்க. தாண்டினா கவுன்சில் தளத்துல முறையாப் புகார் போடுங்க, உங்க வார்டு கவுன்சிலருக்கும் ஒரு ஈமெயில். கவுன்சில் புகார் நடைமுறை முழுக்க முடிஞ்சும் சரியாகலைன்னா ஆம்பட்ஸ்மேன்கிட்ட (கவுன்சில் மேல வர்ற புகாரை விசாரிக்கிற தனி அமைப்பு) போகலாம், அதுக்குக் கட்டணம் இல்ல. விண்ணப்பம் போட்ட தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் வச்சுக்கோங்க.