168 நாள்

குழு: எங்கள் வீட்டார்

பெப்ரவரி 14, சனி

அக்கா, காலை 7.05
எல்லாருக்கும் வணக்கம். வருகிற புதன்கிழமை எனக்கு பிரஜாவுரிமை நேர்முகம். இங்கே நியூஜெர்சியில் காலை 9 மணி, உங்களுக்கு இரவு 7.30. ஒரு உதவி வேண்டும். 2022இல் அப்பாவைப் பார்க்க வந்தேனே, திரும்பிப் போன திகதி யாருக்காவது சரியாக நினைவிருக்கிறதா? ஜூலை 17 இங்கே வந்து சேர்ந்ததாக விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன். ஆனால் பழைய பாஸ்போட்டில் கட்டுநாயக்க விமான நிலைய முத்திரை மங்கிப்போய், கிளம்பியது 16ஆ 19ஆ என்று தெரியவில்லை.

சித்தி பண்டாரவளை, காலை 7.11
அதைப் போய் இவ்வளவு துல்லியமாகக் கேட்பார்களா?

அக்கா, காலை 7.16
கேட்பார்கள் சித்தி. கடைசி ஐந்து வருடத்தில் எத்தனை தடவை நாட்டை விட்டு வெளியே போனேன், போன நாள், வந்த நாள் எல்லாம் விண்ணப்பத்தில் இருக்கிறது. அதிகாரி அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், தொடர்ந்து வசித்தது அறுந்துவிட்டது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். என் கணக்குப்படி ஜனவரி 30இலிருந்து 168 நாள். ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டேன். ஆனாலும் சத்தியம் செய்து சொல்லும் இடத்தில் திகதி பிழைக்கக் கூடாது.

அம்மா, காலை 7.40
அப்பாவுக்கு முப்பது கும்பிட்டது ஜூலை 9 சனிக்கிழமை. அன்றுதான் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது. கோயில் ரேடியோவில் கேட்டுக்கொண்டே படையல் போட்டோம். நீ அடுத்த சனி இரவு போனாய். எனக்கு நல்ல நினைவு.

நான், காலை 7.52
அம்மா சொல்வது சரி அக்கா. பெட்ரோல் இல்லாமல் ஹட்டனில் வான் வரிசையில் நின்றபோது எடுத்த படம் என் போனில் இருக்கிறது. திகதி 2022 ஜூலை 16, பிற்பகல் 1.20. நீ முன்சீட்டில் அப்பாவின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாய். அனுப்புகிறேன்.

அக்கா, காலை 7.58
இந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை.

அக்கா, காலை 8.03
அப்படியானால் 16 இரவு ஏறி 17 இறங்கியது சரி. 168தான்.

மாஸ்டர் மாமா, காலை 8.30
பிள்ளை, நீ கேட்ட கேள்வியைப் பார்த்ததும் எனக்கு உங்கள் பூட்டனின் நினைவு வந்தது. எத்தனை மாதம் ஊரில் இல்லை என்று அவரிடமும் கேட்டார்கள். அப்பாயி எழுந்துவிட்டாரா? அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

நான், காலை 9.20
அப்பாயி சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:
“என் மாமனார் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். அவருடைய தாய் செத்துப்போனதென்று 1940இல் முசிறிக்குப் போனார். காரியம் முடித்துவிட்டு உடனே வருகிறேன் என்றுதான் போனார். வர விடவில்லை. பதினாலு மாதம் கழித்துத்தான் வந்தார். நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பதினாலு மாதத்தைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு.”

மாஸ்டர் மாமா, காலை 9.41
பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். தோட்ட வேலைக்கு ஆட்கள் இலங்கைக்கு வருவதை 1939 ஓகஸ்ட்டில் இந்திய அரசு தடைசெய்தது. ஊருக்குப் போய்த் திரும்ப நினைத்தவர்களும் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள். பிறகு 1948இல் இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களைப் பிரஜைகள் இல்லை என்று வெளியே தள்ளியது. அதற்கு அடுத்த வருடம், விண்ணப்பித்துப் பெறுங்கள் என்று இன்னொரு சட்டம். கல்யாணம் ஆனவர் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக 7 வருடம் இலங்கையில் இருந்திருக்க வேண்டும், ஆகாதவர் 10 வருடம். இடையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி போயிற்று. பூட்டனுக்கு இரண்டே மாதம் அதிகம். தோட்டத்துச் செக்ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பதிவை, புரட்டிப் பார்த்தார்கள், பதினாலு மாதம் அவருக்குப் பேர் விழவில்லை. அதோடு முடிந்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது, ஒன்றரை லட்சம் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

அக்கா, காலை 9.50
மாமா, இவ்வளவு நாளும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே. ஏதோ காகிதம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பெரியப்பா கோத்தகிரி, காலை 10.15
காகிதம் எல்லாம் இருந்தது அம்மா. அந்த இரண்டு மாதத்தால்தான் நான் இங்கே இருக்கிறேன். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி பிறகு பேசுவோம் என்றார்கள். என் மாமனார் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள், நானும் அதில் சேர்ந்தேன். 1979இல் தலைமன்னாரில் கப்பல் ஏறினேன். உன் அப்பா நானுஓயா ஸ்டேஷன் வரை வந்தான். பிறகு 18 வருடம் அவனைப் பார்க்கவில்லை. நீ தைரியமாகப் போ. உன் கணக்கு சரியாக இருக்கிறது.

அம்மா, காலை 10.32
நாளை சிவராத்திரி. உன் பெயருக்கு விளக்குப் போடுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படு.

பெப்ரவரி 17, செவ்வாய்

சித்தி பண்டாரவளை, இரவு 8.10
பாடமெல்லாம் ஆயிற்றா? எத்தனை கேள்வி?

அக்கா, இரவு 8.25
நான் போன ஓகஸ்ட்டிலேயே விண்ணப்பித்ததால் பழைய முறை சித்தி. 100 கேள்வி படிக்க வேண்டும், 10 வரை கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் போதும். 2025 ஒக்டோபர் 20இலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்வி, 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வர வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வசனம் வாசிக்க வேண்டும், ஒரு வசனம் எழுத வேண்டும். அதற்கெல்லாம் பயமில்லை. விண்ணப்பத்தில் உள்ள “எப்போதாவது” கேள்விகள்தான் கஷ்டம். எப்போதாவது கைதானதுண்டா, எப்போதாவது வரி கட்டாமல் விட்டதுண்டா என்று வரிசையாகப் போகும். சில அதிகாரிகள் சொல்லுக்கு அர்த்தமும் கேட்பார்களாம்.

மாஸ்டர் மாமா, இரவு 8.40
விளங்காவிட்டால் விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று கேள். தலையாட்டிவிடாதே. நம் ஆட்கள் அந்தக் காலத்தில் கந்தோரில் துரை கேட்டதற்கெல்லாம் விளங்காமல் தலையாட்டித்தான் பலது போனது.

அக்கா, இரவு 8.44
சரி மாமா. இதை மனதில் வைத்துக்கொள்கிறேன்.

பெப்ரவரி 18, புதன்

அத்தான், மாலை 6.50
வந்துவிட்டோம். கிரீன் கார்ட், பாஸ்போட் இரண்டும், வரிப் பத்திரங்கள், அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் 2022இல் கொடுத்த லீவுக் கடிதம், அந்த மாதங்களுக்கு வீட்டு வாடகை கட்டிய ரசீது எல்லாம் ஒரே பைலில். என்னை உள்ளே விடமாட்டார்கள், வெளியே இருக்கிறேன்.

நான், இரவு 7.32
அம்மாவும் அப்பாயியும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சித்தி பண்டாரவளை, இரவு 8.15
ஏதாவது தெரிந்ததா?

அத்தான், இரவு 8.21
இன்னும் இல்லை. உங்கள் நேரம் எட்டு மணிக்குத்தான் பெயர் கூப்பிட்டார்கள்.

அக்கா, இரவு 8.48
முடிந்தது. பாஸ். காருக்குள் இருந்து எழுதுகிறேன், கை நடுங்குகிறது.

பெரியப்பா கோத்தகிரி, இரவு 8.49
முருகா.

அம்மா, இரவு 8.50
நல்லா இரு பிள்ளை. அப்பாயி அழுகிறார்.

அக்கா, இரவு 9.20
இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். அதிகாரி நடுத்தர வயதுப் பெண். அறைக்குள் போனதும் வலது கையைத் தூக்கி உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்யச் சொன்னார். பிறகுதான் உட்காரச் சொன்னார். முதலில் பொதுக் கேள்வி. ஆறும் சரியாக வந்ததும் நிறுத்திவிட்டார். அதில் ஒன்று, அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் யார் என்பது. ஆப்பிரிக்கர்கள் என்றேன். படிக்கும்போது சாதாரணமாகப் படித்த கேள்வி, அங்கே சொல்லும்போது தொண்டை அடைத்தது. நம் ஆட்கள் மாத்தளை வழியாக மலைக்கு நடந்து வந்த கதையை மாமா சொல்வாரே, அதுதான் கண்முன் வந்தது.

அக்கா, இரவு 9.26
பிறகு பயணங்கள். “இது நீண்ட பயணமாக இருக்கிறதே, ஏன்?” என்றார். அப்பாவுக்குச் சுகமில்லை, பார்த்துக்கொள்ளப் போனேன், அங்கேயே இறந்துவிட்டார் என்றேன். திரும்பிய திகதி கேட்டார். ஜூலை 17 என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன். தம்பியின் படம்தான் கைகொடுத்தது. அவர் விரல் விட்டு மாதம் எண்ணினார், ஆறுக்குள் என்றார். “உங்கள் தந்தைக்காக வருந்துகிறேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். லீவுக் கடிதத்தைக் கேட்கவே இல்லை.

அக்கா, இரவு 9.31
இடையில் ஒரு கேள்வி விளங்கவில்லை மாமா. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டேன். வேறு சொல்லில் சொன்னார்.

மாஸ்டர் மாமா, இரவு 9.33
நல்லது. மிக நல்லது.

நான், இரவு 9.35
என்ன வசனம் எழுதச் சொன்னார்கள்?

அக்கா, இரவு 9.37
வாசிக்கக் கொடுத்தது, “யார் வாக்களிக்கலாம்?” எழுதச் சொன்னது, “பிரஜைகள் வாக்களிக்கலாம்.”

மாஸ்டர் மாமா, இரவு 9.49
இதை வாசித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1947 தேர்தலில் உங்கள் பூட்டன் வாக்குப் போட்டவர். நம் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்தத் தடவை 7 இடம் வென்றது. 1952 தேர்தலில் அவருக்கு வாக்கு இல்லை. அதற்குப் பிறகு சாகும்வரை இல்லை.

அப்பாயிக்காக நான், இரவு 10.05
அப்பாயி ஒன்று கேட்கச் சொல்கிறார்: “தாயி, அந்த ஊர்க் காகிதம் வந்தால் இந்த ஊர்க் காகிதம் இருக்குமா, போய்விடுமா?”

அக்கா, இரவு 10.12
சட்டப்படி போய்விடும் அப்பாயி. இன்னொரு நாட்டுப் பிரஜாவுரிமையை நாமாக எடுத்தால் இலங்கைப் பிரஜாவுரிமை தானாக இல்லாமல் போகும். அமெரிக்கா இரண்டையும் வைத்திருக்க விடுகிறது. இலங்கை விட வேண்டும் என்றால் நாம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அப்பாயிக்காக நான், இரவு 10.20
“2003இல் சட்டம் வந்த பிறகுதான் எனக்கு அது கிடைத்தது. பிறந்ததும் இந்த மலையில், கொழுந்தெடுத்ததும் இந்த மலையில், அறுபது வயதுக்குப் பிறகுதான் இந்த நாட்டு ஆள் என்று எழுதித் தந்தார்கள். டித்வா புயலில் மேட்டு லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்த ராத்திரி, உன் அம்மா அரிசியைக்கூட எடுக்கவில்லை. காகிதமெல்லாம் வைத்த ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் கோயிலுக்கு ஓடி வந்தாள். நீ போகிற இடத்தில் நல்லா இரு. ஆனால் இதை விட்டுவிடாதே.”

அக்கா, இரவு 10.34
விடமாட்டேன் அப்பாயி. சத்தியப்பிரமாண நாள் இன்னும் வரவில்லை, கடிதத்தில் வரும். அதற்கு முன்பே இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கப் பார்க்கிறேன். அதற்குள் முடியாவிட்டால், இழந்த பிறகும் மீண்டும் பெற விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

சித்தி பண்டாரவளை, இரவு 10.40
அதற்கு நிலம், சொத்து காட்ட வேண்டும் என்கிறார்களே?

அக்கா, இரவு 10.46
சொத்து ஒரு வழி சித்தி. படிப்பு, வைப்புப் பணம், 55 வயது தாண்டியது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. சொத்து என்று நான் எதைக் காட்டுவது? ஐந்து தலைமுறை இருந்தும், குடியிருக்கிற லயத்துக் காம்பராகூட நம் பெயரில் இல்லை. அதனால் டிப்ளோமாவைக் காட்டித்தான் போடப்போகிறேன். அம்மா, என் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழும் வேண்டும். பெட்டியில் இருக்கிறதா?

அம்மா, இரவு 10.55
இருக்கிறது. ஓரம் நனைந்தது, எழுத்து அழியவில்லை. தம்பி காலையில் முதல் பஸ்ஸில் ஹட்டன் போய் கொப்பி எடுத்து வருவான்.

பெரியப்பா கோத்தகிரி, இரவு 11.02
தம்பி, பூட்டனின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டதாக வந்த கடிதமும் அதில்தான் இருக்கும். பழுப்புக் கவர் என்று உன் அப்பா ஒரு தடவை சொன்னான். அதையும் படம் எடுத்து அனுப்பு. நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

நான், இரவு 11.14
இருக்கிறது பெரியப்பா. அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பெரியப்பா கோத்தகிரி, இரவு 11.21
வந்தது. கீழ்ப்பகுதி இருட்டாக இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் இன்னொன்று எடு.

நான், இரவு 11.22
சரி பெரியப்பா. கொப்பி எடுக்கப் போவதற்கு முன் எடுத்து அனுப்புகிறேன்.